பொட்டலத்தில் இல்லாத வரி

எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்கு பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவும் ஒப்பந்த வேலை. இரவு ஷிப்ட் முடிந்து விடிகாலையில் திரும்புவார். அன்று தன் வீட்டுக் கதவைக்கூடத் திறக்காமல் நேரே மாடியேறி வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம்.

“யம்மா, நீதான் பழைய பொஸ்தகமெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறியே. இத்தக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. இத்தத் துன்னா சுகர் மாத்திரையே வாணாமாம்.”

உள்ளே பச்சைப் பொடி. உறைமேல் மூன்று வரி அச்சாகியிருந்தது. முதல் வரியில் சிறுகுறிஞ்சான் என்ற பெயர். இரண்டாவதில் அதன் இன்னொரு பெயர், சர்க்கரைக்கொல்லி. மூன்றாவதில், சென்னை விஞ்ஞானிகள் ஆராய்ந்து நிரூபித்தது என்று இருந்தது. எந்த விஞ்ஞானி, எந்த வருஷம், எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்பதற்கு ஓர் எழுத்துகூட இல்லை.

அக்கா அதை வாங்கியது ராசப்பா செட்டித் தெருவில். பேசின் பிரிட்ஜிலிருந்து வால்டாக்ஸ் ரோடு பிடித்து யானைக்கவுனி தாண்டி நடந்தால் வந்துவிடும். சுக்கு, அதிமதுரம், கடுக்காய் என்று தெருவுக்குள் நுழையும்போதே வாசனை வந்து மோதும். வடசென்னையில் யாருக்கு என்ன வந்தாலும் இந்தத் தெருவுக்கு ஒரு நடை போய்வருவார்கள். அக்காவுக்கு மெட்பார்மின் மாத்திரை இலவசமாகத்தான் கிடைக்கிறது. ஆனால் மாதம் ஒருமுறை வரிசையில் நிற்கப் போனால் அன்றைய தூக்கம் போகும். சில மாதம் கூலியும் போகும். மாத்திரையை விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னால் அவர் காது கொடுத்துக் கேட்பதில் தவறே இல்லை.

நான் உயிர்வேதியியல் படித்தவள். பழைய மருத்துவ இதழ்களைத் துருவுவது என் வேலை. மூன்றாவது வரியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வாரம் ஆகும் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது.

விஞ்ஞானிகள் கிடைக்க அதிக நேரம் ஆகவில்லை. பொட்டலம் பொய் சொல்லவில்லை. சென்னையில் ஆய்வு நடந்திருக்கிறது. 1990இல் ‘ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி’ இதழின் 30ஆம் தொகுதியில் 265ஆம் பக்கம் தொடங்கி 300ஆம் பக்கம் வரை அடுத்தடுத்து மூன்று கட்டுரைகள். மூன்றும் ஒரே குழுவுடையவை. இ.ஆர்.பி. சண்முகசுந்தரம், ராதா சண்முகசுந்தரம், பாஸ்கரன், ராஜேஸ்வரி, கிஸர் அகமத் என்று நம் ஊர்ப் பெயர்களாகவே வரிசையாக வந்தபோது மனசுக்குள் ஒரு பெருமிதம் ஓடியதை மறைப்பானேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனத்தின் உயிர்வேதியியல் துறைக்காரர்கள். அந்த நிறுவனம் இருப்பது தரமணியில்.

மூன்றில் முதல் கட்டுரை எலிகளைப் பற்றியது. ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்து நீரிழிவு வரவைத்த எலிகளுக்கு இலையின் இரண்டு வகைச் சாறுகளைப் புகட்டினார்கள். அவற்றுக்கு ஜிஎஸ்3, ஜிஎஸ்4 என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜிஎஸ்4 கொடுத்த எலிகளில் 20 நாளிலும் ஜிஎஸ்3 கொடுத்தவற்றில் 60 நாளிலும் வெறும்வயிற்றுச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. கட்டுரைத் தலைப்பில் ‘திட்டுகள் மீண்டும் வளரக்கூடும்’ என்ற பொருளில்தான் எழுதியிருந்தார்கள். அந்தக் ‘கூடும்’ எனக்கு முக்கியமாகப் பட்டது. எழுதியவர்கள் நிதானமானவர்கள்.

இரண்டாவது கட்டுரையில் இன்சுலின் ஊசியை நம்பியிருக்கும் முதல் வகை நோயாளிகள் 27 பேர். நாளைக்கு 400 மில்லிகிராம் ஜிஎஸ்4. ஊசியின் அளவு குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. இலைச்சாறு இன்சுலினோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது.

மூன்றாவது கட்டுரைதான் அக்காவுக்கு உரியது. இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேர். அதே 400 மில்லிகிராம். 18 முதல் 20 மாதம் வரை. வெறும்வயிற்றுச் சர்க்கரையின் சராசரி 174இலிருந்து 124க்கு வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, 11.9இலிருந்து 8.5 அளவுக்கு இறங்கியது. மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் மாத்திரையை முழுதாக நிறுத்திவிட்டு இலைச்சாற்றை மட்டும் வைத்தே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். 22 பேரும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். இலைச்சாறு அதோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துத்தான் மாத்திரையைக் குறைத்தார்கள். ஐந்து பேருக்கு நிறுத்த முடிந்தது என்றால் பதினேழு பேருக்கு முடியவில்லை. பொட்டலத்தில் ‘நிரூபித்தது’ என்ற சொல் இருக்கிறது. ‘மாத்திரையுடன் சேர்த்து’ என்ற வரி இல்லை. தரமணிக்கும் ராசப்பா செட்டித் தெருவுக்கும் நடுவே அந்த வரி எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 22 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து, கொடுப்பவருக்கும் தெரியாமல் வாங்குபவருக்கும் தெரியாமல் நடத்தும் சோதனை அல்ல அது. ஓர் ஆய்வில் சேர்ந்து மாதாமாதம் மருத்துவரைப் பார்க்கிற நோயாளி சாப்பாட்டிலும் கவனமாகிவிடுவார். ஒன்றரை வருஷத்தில் இறங்கிய சர்க்கரையில் இலையின் பங்கு எவ்வளவு, கவனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இதனால் அந்தக் குழுவின் உழைப்பு குறைந்துவிடாது. முதல் படியை அவர்கள் ஒழுங்காகக் கட்டினார்கள். மேலே ஏற வேண்டியவர்கள் ஏறவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இனி முன்கதை. ஒரு கட்டுரையின் பின்பக்கத்தில் இருக்கும் மேற்கோள் பட்டியல் என்னைப்போன்றவர்களுக்குக் காலடித் தடம். 1990இலிருந்து அதே குழுவின் 1983ஆம் வருஷத்து முயல் ஆய்வுக்கும் 1981இல் எழுதிய கட்டுரைக்கும் போனேன். அங்கிருந்து ஒரே தாவல். ஐம்பது வருஷம் பின்னால் 1930இல் போய் விழுந்தேன். மஸ்கர், கேயஸ் என்ற இருவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி நினைவேடுகள் வரிசையில் சிறுகுறிஞ்சானுக்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார்கள். கேயஸ் ஒரு யேசு சபைப் பாதிரியார். பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இலை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது, அதுவும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்துத்தான் குறைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இரண்டு வருஷம் முன்னால், 1928இல், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவருடைய கூட்டாளிகளும் அதே இலையை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி பயன் இல்லை என்று எழுதினார்கள். இந்திய மூலிகைகளை நவீன ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுகிறவர் சோப்ரா. அவரே கைவிரித்த இலையை இரண்டே வருஷத்தில் பம்பாய் கைதூக்கி விட்டது. ஒரே இலை, இரண்டு ஊர், இரண்டு தீர்ப்பு.

ஏன் எல்லாம் 1920களில் வந்து குவிகிறது? இது எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. காரணம் கருவியில் இருந்தது. அதற்கு முன்பு நீரிழிவைப் பார்த்ததெல்லாம் சிறுநீரில். பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சினால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், சர்க்கரை மிகுந்தால் செங்கல் நிறத்துக்கு வந்து நிற்கும். சிறுநீரில் சர்க்கரை வழிவது இரத்தத்தில் அது வெகுவாக ஏறிய பிறகுதான். கொஞ்சம் இரத்தத்தை எடுத்து அளவைத் துல்லியமாகச் சொல்லும் ஃபோலின்–வூ முறை 1920 வாக்கில் பரவியது. 1921இல் டொராண்டோவில் இன்சுலின் பிரிக்கப்பட்டது. அதன்பிறகுதான் ‘இந்த இலை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா’ என்ற கேள்வியையே ஒழுங்காகக் கேட்க முடிந்தது. அப்போதும் வேதிப்பொருள் கொடுத்து விலங்குக்கு நீரிழிவு வரவைக்கும் வழி தெரியாது. அலாக்சான் அதைச் செய்யும் என்று கண்டது 1943இல்.

நம் மாகாணத்திலும் அந்தக் காலத்தில் நாட்டு மருந்துகளைச் சோதித்தார்கள். 1918இல் சென்னை அரசு டாக்டர் கோமன் என்பவரை நியமித்தது. அவர் மருந்துகள் சிலவற்றைப் பாராட்டினார்; வைத்திய முறையின் அடிப்படையை மட்டமாக எழுதினார். வைத்தியர்கள் கொதித்தெழ, 1921இல் உஸ்மான் குழு வந்தது. குழுவின் செயலர் கேப்டன் சீனிவாசமூர்த்தி. அந்தக் கதை தனியே எழுத வேண்டிய கதை. நான் என் இலையோடு போகிறேன்.

1920களுக்கு முன்னால் போனால் நீலகிரி. 1887இல் ‘நேச்சர்’ இதழில் டேவிட் ஹூப்பர் என்பவரின் கட்டுரை. உதகமண்டலத்தில் அரசாங்கத்தின் குவினாலஜிஸ்ட், அதாவது சின்கோனாப் பட்டையில் குவினைன் எவ்வளவு என்று அளந்து சொல்லும் ரசாயனர். அவர் சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து ஜிம்னமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். இலையில் அது 6 சதவீதம் அளவு இருப்பதாகக் கணித்தார். ஆனால் கட்டுரையின் அக்கறை முழுக்க நாக்கின்மேல். இலையை மென்றபின் சர்க்கரை வாயில் மணலாகிறது. இஞ்சி ரொட்டியில் இஞ்சியின் காரம் மட்டும் மிஞ்சுகிறது. இனிப்பான ஆரஞ்சு எலுமிச்சைபோலப் புளிக்கிறது. குவினைன் ரசாயனர் குவினைனையே வாயில் போட்டுப் பார்க்காமல் இருப்பாரா? அது சுண்ணாம்புக் கட்டிபோல இருந்ததாம். இந்த மாயம் ஒருநாள் முழுக்க நீடிக்கும் என்று முன்பு சொல்லியிருந்ததை அவர் திருத்தினார். ஒன்றிரண்டு மணி நேரம்தான் என்றார். முன்பு சொன்னவர் எட்ஜ்வொர்த் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, வருஷம் 1847.

அதற்கும் முன்னால்? சென்னையில் இருந்த வைட்லா ஐன்ஸ்லி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் நம் நாட்டு மருந்துகளைத் தமிழ்ப் பெயரோடு தொகுத்தவர். முதல் பதிப்பு 1813இல் சென்னையிலேயே அச்சானது. விரிவான ‘மெட்டீரியா இண்டிகா’ 1826இல் இரண்டு தொகுதியாக லண்டனில் வந்தது. ஆங்கில எழுத்தில் கோணல்மாணலாக நிற்கும் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தால் ‘சிறுகுறிஞ்சா வேர்’ என்று காதில் விழும். வட்டாரத்து வைத்தியர்கள் அதைப் பாம்புக்கடிக்குத் தந்தார்கள் என்கிறார். வேரைப் பொடியாக்கிக் கடிவாயில் வைப்பதும் வேர்க் கஷாயத்தை உள்ளுக்குக் கொடுப்பதும் வழக்கம்.

இவற்றைக் குறித்துவைத்த நோட்டுப் பக்கத்தை இன்னமும் வைத்திருக்கிறேன். 1826: வேர், பாம்பு. 1847: இலை, நாக்கு. 1887: அமிலம், நாக்கு. 1928, 1930: இலை, இரத்தம். நாக்கிலிருந்து இரத்தத்துக்கு இந்த இலை எப்போது, எப்படித் தாண்டியது? நான் தேடிய திருப்பம் அந்த நாற்பது வருஷ இடைவெளிக்குள் இருந்தது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது நூலகம் அல்ல, அக்கா.

மாடித் தோட்டம் போட்டிருக்கும் தோழி ஒருத்தி சிறுகுறிஞ்சான் கொடியை ஒரு தொட்டியில் வளர்க்கிறாள். அவளிடம் பத்து இலை கேட்டு வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, அக்காவுக்கு அன்று வேலை இல்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். யார்டில் பெட்டிகளை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எதிரெதிராகச் சேரும் சின்ன இலைகள், மேலே கரும்பச்சை, அடியில் மெல்லிய பூனைமயிர். ஆளுக்கு இரண்டு இலையை மென்று, நாக்கு முழுக்கப் படும்படி வைத்திருந்தோம். முதலில் பச்சைக் கசப்பு; பிறகு கொஞ்சம் உவர்ப்பு. வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை அக்கா நாக்கில் போட்டுக்கொண்டார்.

“அய்ய... இன்னாம்மா இது? சக்கர எங்க போச்சி?”

நானும் போட்டுப் பார்த்தேன். பேசின் பிரிட்ஜ் ரோட்டில் லாரி போனபின் வாயில் நறநறக்குமே, அந்தத் தூசி. கடலை மிட்டாயைக் கடித்தால் கடலை இருக்கிறது, வெல்லம் இல்லை. சாத்துக்குடிச் சுளை புளித்தது, பல் கூசுகிற புளிப்பு. நூற்று முப்பது வருஷத்துக்கும் முன்னால் ஹூப்பர் ஊட்டியில் உட்கார்ந்து கண்டதெல்லாம் அந்த மாடியில் எங்கள் நாக்கில் நடந்தது. முக்கால் மணி நேரத்தில் இனிப்பு மெல்லத் திரும்பியது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “வாயிலயே சக்கரயக் கொல்லுதுன்னா, ரத்தத்துலயும் கொல்லுமில்ல?”

உடம்பு சிலிர்த்தது. இதே கேள்விதான். இலைக்கு வடக்கே குர்மார் என்று பெயர். வெல்லத்தைக் கொல்வது என்று பொருள். நாக்கில் இனிப்பை அழிக்கிறது என்பதால் உடம்பில் மிகுந்த சர்க்கரையையும் அழிக்கும் என்று மக்கள் ஊகித்திருக்கலாம் என்பதை சோப்ராவே எழுதியிருக்கிறார். பெயரே சாட்சியாகிவிட்டது. ‘சர்க்கரைக்கொல்லி’ என்று அச்சடித்தால் மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். படிக்கிறவர் மனசு மீதியை நிரப்பிக்கொள்ளும்.

ஆனால் நாக்கில் நடப்பது வேறு வேலை. நாக்கின் சுவை மொட்டுகளில் இனிப்பை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. ஜிம்னமிக் அமிலம் போய் அதில் ஒட்டிக்கொண்டு வழியடைக்கிறது. ஏற்பியின் எந்தப் பகுதியில் ஒட்டுகிறது என்பதை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சர்க்கரை அழியவில்லை. அக்கா விழுங்கிய சிட்டிகை அப்படியே வயிற்றுக்குப் போய், குடலில் ஏறி, இரத்தத்தில் கலந்தது. இதைச் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. உடனே சொன்னேன்: அதனால் இரத்தத்தில் எதுவும் செய்யாது என்று முடிவு கட்டக் கூடாது; அதைத் தனியே சோதித்துப் பார்க்க வேண்டும்; தரமணியில் அதைத்தான் செய்தார்கள்.

1990க்குப் பிறகு என்ன ஆனது என்று தேடியபோதுதான் முதல்முறையாகக் கவலை வந்தது. 1999இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு ஒன்று அதே ஜிஎஸ்4 சாற்றை எடுத்து, இன்சுலின் சுரக்கும் செல்கள்மேல் தட்டில் விட்டுப் பார்த்தது. இன்சுலின் வெளியே வந்தது. அதோடு நிறுத்தாமல் டிரைபான் நீலம் என்ற சாயத்தையும் விட்டார்கள். உயிரோடு இருக்கும் செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது. இந்தச் செல்கள் விட்டன. சாறு பட்டதும் செல்லின் சவ்வு தளர்ந்து, இன்சுலின் கசிந்திருக்கிறது. குழாயைத் திருகித் தண்ணீர் பிடிப்பதும் குடம் விரிசல் விட்டுத் தண்ணீர் வருவதும் ஒன்றா? தட்டில் விடும் அளவும் வாய்வழி உடம்புக்குள் போய்ச் சேரும் அளவும் வேறு என்பதால் மனிதருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘கணையத்தைத் தூண்டுகிறது’ என்று 1930 முதல் எல்லோரும் எழுதிவந்த வரிக்கு அடியில் இப்படி ஒரு சாத்தியம் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அதே குழுவினர் பிறகு சவ்வைக் குலைக்காத வேறொரு சாற்றைச் சோதித்தார்கள். 2010இல் வெளிவந்த கட்டுரையில் இரண்டாம் வகை நோயாளிகள் 11 பேர், நாளைக்கு 1 கிராம், 60 நாள். சர்க்கரை குறைந்தது, இன்சுலின் கூடியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் பதினொரு பேர். அதே 2010இல் இஸ்ரேலில் இந்த இலையைச் சாப்பிட்ட ஒரு நோயாளிக்குக் கல்லீரல் வீங்கியதைப் பற்றி ஒரு மருத்துவக் குறிப்பும் வந்தது. ஒரே ஒருவர், அதை வைத்து இலையை விலக்கிவிட முடியாது. அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் ஒன்று என்பது சின்ன எண் அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். அக்கா விட்டுவிட நினைக்கும் மெட்பார்மினும் ஒரு செடியின் வழி வந்ததுதான். ஐரோப்பாவில் கலேகா அஃபிசினாலிஸ் என்ற ஒரு செடி. அதில் உள்ள கலேஜின் சர்க்கரையைக் குறைத்தது, நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவான மெட்பார்மினை டப்ளினில் வெர்னரும் பெல்லும் 1922இல் தயாரித்தார்கள். பாரிஸில் ழான் ஸ்டெர்ன் 1957இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். பிரிட்டனில் 1977இல் தொடங்கிய பெரிய நீரிழிவு ஆய்வில் 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். மெட்பார்மினால் எடை கூடியவர்களின் ஆயுள் காக்கப்படுகிறது என்று 1998இல் அந்த ஆய்வு சொன்னது. ஓர் இலை மாத்திரையாவதற்கு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. நம் சிறுகுறிஞ்சான் 22 பேரோடும் 27 பேரோடும் பாதி வழியில் நிற்கிறது.

ஆய்வே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது; நடந்துகொண்டே இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தைத் திறந்தால் மூலிகையும் நீரிழிவும் சேர்ந்த தலைப்புகள் வந்துகொண்டே இருக்கும். ஆவாரை, நாவல் கொட்டை, வெந்தயம், பாகல், வேங்கை. முறையும் ஏறக்குறைய ஒன்றே. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து எத்தனாலில் ஊறவைத்து வடித்துச் சுண்டவைப்பார்கள். எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி. ஒரு கூட்டத்துக்குச் சாறு, ஒரு கூட்டத்துக்கு கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து, ஒன்றுக்கு வெறும் நீர். வாலில் ஒரு சொட்டு இரத்தம், குளுக்கோமீட்டர். இருபத்தோரு நாளோ இருபத்தெட்டு நாளோ. கடைசிப் பக்கத்தில், மேலும் ஆய்வு தேவை. அந்த மேலும் ஆய்வு யார் கையிலும் போய்ச் சேராமல் அடுத்த மாணவர் அடுத்த செடியை எடுத்துக்கொள்கிறார்.

எலிக்கு அவர்கள் கொடுக்கும் அளவு பெரும்பாலும் ஒரு கிலோ எடைக்கு 200 அல்லது 400 மில்லிகிராம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற ஆறால் வகுக்கிறார்கள். 400 என்று வைத்தால் 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிராம் சாறு. இலை அல்ல, சாறு. அதற்கு வேண்டிய காய்ந்த இலை அதைப்போலப் பல மடங்கு. தரமணியில் மனிதருக்குக் கொடுத்ததோ 400 மில்லிகிராம். அக்காவுக்குக் கடையில் ‘ஒரு ஸ்பூன்’ என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அது பொடி, சாறுகூட இல்லை. எலி, நோயாளி, ஸ்பூன் மூன்றும் மூன்று கணக்கு.

இன்னொன்று, பொடிக்குள் இருப்பது சிறுகுறிஞ்சான்தானா? பெருங்குறிஞ்சான் என்று வேறொரு கொடி உண்டு. பெயரில் பாதி ஒன்று, செடி வேறு. முழு இலையாக வாங்கினால் பார்த்து அடையாளம் காணலாம், மென்று பார்த்தால் நாக்கே சாட்சி சொல்லும். பொடியாகிவிட்டால் எல்லாம் ஒரே பச்சை. அக்காவின் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தோம். இனிப்பு கொஞ்சம் மங்கியது, செத்துவிடவில்லை. அதிலிருந்து நான் எதையும் முடிவு செய்யவில்லை. பழைய சரக்காக இருக்கலாம், கலப்பாக இருக்கலாம்.

தேடலில் என்னை அதிகம் நெகிழவைத்தது ஒரு தூரம். நீரிழிவுக்கென்று அரசு மருத்துவமனையில் முதல் தனிப் பிரிவை டாக்டர் எம். விஸ்வநாதன் 1948இல் தொடங்கியது இங்கே ஸ்டான்லி மருத்துவமனையில். 1954இல் அவர் ராயபுரத்திலேயே தன் மருத்துவமனையையும் ஆரம்பித்தார். எங்கள் தெருவிலிருந்து நடந்தே போகிற தூரம். ஏழு தசாப்தத்துக்கும் மேலாக சர்க்கரை நோயாளிகள் வரிசையில் நிற்கிற பேட்டை இது. பெரிய சோதனை ஒன்றுக்கு நோயாளிகளைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. இலை ராசப்பா செட்டித் தெருவில். ஆய்வகம் தரமணியில். மின்சார ரயிலில் ஏறினால் மூன்றையும் சுற்றிவிடலாம்.

மூன்று மாதம் கழித்து அக்காவிடம் நான் கண்டதைச் சொன்னேன். நூறு பக்கம் குறிப்பு இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அந்த இருவத்தி ரெண்டு பேரும் மாத்திரய வுட்டுட்டாங்களா?”

“அஞ்சு பேர் விட்டாங்க அக்கா. டாக்டர் பாத்துப் பாத்துக் குறைச்சதுக்கப்புறம்.”

“மீதிப் பேரு?”

“மாத்திரையும் சாப்பிட்டாங்க, இலையும் சாப்பிட்டாங்க.”

“நா எதுல வருவேன்னு யாருக்குத் தெரியும்?”

பதில் சொல்லத் தெரியாமல் பேனாவை எடுத்து, பொட்டலத்தில் மூன்றாவது வரிக்குக் கீழே நான்காவதாக எழுதினேன்: மாத்திரையுடன் சேர்த்து, டாக்டரிடம் சொல்லிவிட்டு. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். பிறகு ஓபி நோட்டை என் பக்கம் தள்ளினார்.

“இதுலயும் எழுதும்மா. நா வாயால சொன்னா பொடி கிடின்னு திட்டுவாங்க. எழுதியிருந்தா படிப்பாங்க.”

சிறுகுறிஞ்சான் என்று தமிழிலும், கீழே ஜிம்னமா சில்வெஸ்ட்ரே என்று தாவரப் பெயரையும், எத்தனை ஸ்பூன், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை சுகர் ஓபி. திங்கள் ராத்திரி ஷிப்டை மாற்றித் தருகிறார்களா என்று கேட்டுப் பார்க்க அவர் யார்டுக்குக் கிளம்பினார்.